செய்முறைத் தேர்வு

நாலாவது ஆளும் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியேறியபோது மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. நியாயமாகப் பார்த்தால் இன்டர்வியூவுக்கு வந்தவர்களுக்குத்தான் வியர்த்திருக்க வேண்டும்.

மேனேஜர் முதலாளியின் மாப்பிள்ளை. "இன்ஜினியர் எல்லாம் வீண் செலவு மாமா, நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டி, இருந்த ஒரே இன்ஜினியரையும் வீட்டுக்கு அனுப்பியவர். அதிலிருந்து மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் 'எலக்ட்ரிகல், கண்ட்ரோல் இன்ஜினியர் தேவை' என்று விளம்பரம் கொடுப்பார். வருகிறவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வைப்பார். மெஷின் ஓடியதும் "சொல்லி அனுப்பறோம்" என்று வழியனுப்பிவிடுவார். மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து மாமனாருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இந்த முறை சண்டித்தனம் பண்ணியது, திரவ சோப்பைப் பாட்டிலில் நிரப்பும் லைன். நாலு பாட்டில் நிரப்பும், நின்றுவிடும். வெளியூர் போயிருந்த மாமனார் சாயங்காலம் திரும்புகிறார். சரக்கு ஏற்ற லாரியும் அப்போதுதான் வருகிறது.

ஐந்தாவதாக வந்தவன் ஒல்லியாக இருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"இதுல வேணும்னே ஒரு கோளாறு வெச்சிருக்கோம் தம்பி. கண்டுபிடிங்க பாப்போம்."

"வேணும்னேவா சார்?" சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்ட தொழிலாளர்களையும் மேனேஜரின் நனைந்த காலரையும் அவன் பார்த்தான். "ரொம்ப தத்ரூபமா வெச்சிருக்கீங்க."

வயர்களை விரலால் தொடர்ந்துகொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான்.

"பாட்டிலை எண்ணுற சென்சாரோட வயரை, மோட்டார் வயரோட சேத்துக் கட்டியிருக்கு சார். மோட்டார் வேகமெடுத்தா சென்சார் குழம்பிடுது. இல்லாத பாட்டிலை இருக்குன்னு நினைச்சு லைன் நிக்குது."

மெயினை அணைத்து, வயரைப் பிரித்து வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினான். லைன் நல்ல பிள்ளையாக ஓட ஆரம்பித்தது. மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிளம்புமுன் அவன் கண்ட்ரோல் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி அது?"

"கண்டவங்க கை வெச்சுடக் கூடாது இல்ல சார், அதுக்குத்தான்."

எவ்வளவு பொறுப்பான பையன்! மேனேஜர் மனதார மெச்சிக்கொண்டார். இவனுக்கும் ஒரு டீயோடு கதை முடிந்தது என்று நினைக்கச் சந்தோஷம் பொங்கியது.

"போயிட்டு வாங்க தம்பி. சொல்லி அனுப்பறோம்."

சாயங்காலம் மாமனார் வந்தபோது, தொழிலாளர்களின் டீ இடைவேளைக்காக லைன் நின்றிருந்தது. "ஓட்டிக் காட்டறேன், பாருங்க மாமா" என்று அவரைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு மேனேஜர் பட்டனை அழுத்தினார். லைன் அசையவில்லை. திரை பாஸ்வேர்டு கேட்டது.

தன் பெயரைப் போட்டுப் பார்த்தார். மாமனார் பெயரைப் போட்டுப் பார்த்தார். திரை மசியவில்லை.

"என்ன மாப்ளே, ஓட்டிக் காட்டறேன்னீங்க?" என்றார் மாமனார். வாசலில் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

மேனேஜர் ஓரமாக ஒதுங்கி, அந்த ஒல்லிப் பையனுக்குப் போன் போட்டார். குரல் தானாகக் குழைந்தது.

"தம்பி... அந்தப் பாஸ்வேர்டு என்னப்பா?"

"என் சம்பளம்தான் சார். குறைச்சுப் போட்டா திறக்காது."