கிழக்கு கேலரி சொன்ன வரலாறு

புதிதாகக் கட்டித் திறந்த கிழக்கு கேலரியில் நாற்காலிகள் பேசுகின்றன. கைப்பிடியில் விரலை வைத்தால் போதும், ரக்பி மைதானத்தின் வரலாற்றைக் காதோரம் சொல்லும்.

யோகராஜா பூரித்துப்போய் மனைவி சுகந்தினியிடம் திரும்பினான். "மொதக் கோப்பை ஆட்டத்துல, கடைசி நிமிஷம் பந்தோட கோட்டைத் தாண்டி ஜெயிக்க வச்சது எங்கப்பாவாம்!"

சுகந்தினியின் நாற்காலி அதே பந்தை அவளுடைய அப்பா கையில் கொடுத்திருந்தது. முன்வரிசைக்காரர் தன் தாத்தாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஒக்காந்தாலும் அவங்க வீட்டு ஆளுதான் ஜெயிக்கிறாரு. இது சரியில்லைங்க" என்றாள் சுகந்தினி.

"நல்லதத்தானே சொல்லுது? ஒனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

அவள் நாற்காலியிடம் குனிந்து கேட்டாள். "பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்க இருந்த பழைய கேலரி இடிஞ்சு விழுந்துச்சே, அதுல எங்க வீட்டுல செத்தது யாரு?"

நாற்காலி இனிமையாகப் பதில் சொன்னது. "கேலரி இடியவே இல்லை. உங்கள் அண்ணன் தவசீலன் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்."

சுகந்தினி வெடுக்கென்று விரலை எடுத்தாள். அவளுக்கு மூன்று அண்ணன்கள். செத்தவன் பெயரை அவள் சொல்லவேயில்லை.