முன்வாசலில் ஏறியவள்

"டாக்சி புக் பண்ணித் தர்றேம்பா" என்று மகன் சொல்லிச் சலித்துவிட்டான். ஞானசிகாமணி புறநகர் வீட்டுக்குப் பேருந்தில்தான் திரும்புவார். மனைவி மரகதம் இருந்தவரை அவள் முன்வாசலில் ஏறுவாள். பின்வாசலில் ஏறும் அவர் இருவருக்கும் டிக்கெட் எடுப்பார். அவள் இறந்த பிறகும் நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "முன்னாடி ஏறின அம்மா, பின்னாடி நீங்க எடுப்பீங்கன்னாங்க. ரெண்டா?" என்றார். முதல் நாள் ஞானசிகாமணி மறுத்தார். பிறகு தலையாட்டப் பழகிவிட்டார். பெண்கள் இருக்கைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்த்தால் வேறு ஒருத்தி இருந்துவிடுவாளோ என்று பயம்.

இன்று காசை நீட்டினார். நடத்துநர் வாங்கவில்லை.

"உங்களுக்கும் சேர்த்து அம்மாவே எடுத்துட்டாங்க சார்."

எது வரைக்கும் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார்.