பதினாறு கோர்

"பதினாறு கோர் சார், அஞ்சரை கிகாஹெர்ட்ஸ். இதைவிட வேகமான பிராசஸர் இப்போ கடையிலயே இல்ல," என்றான் டெக்னீஷியன், கம்ப்யூட்டரின் மூடியைத் திருகியபடி.

"என் மகள் கம்ப்யூட்டர்ல பூட்டி வச்ச டைரியை இது எப்போ திறக்கும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பாஸ்வேர்டை ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கணும் சார். பழைய பிராசஸர்ல பதினோரு வருஷம். இதுல எட்டே மாசம்."

"அவ ஏன் உயிரை மாய்ச்சுக்கிட்டான்னு மட்டும் தெரிஞ்சா போதும்பா." முகம் கழுவ உள்ளே போனார்.

அவர் மனைவி அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். படிச்சிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் 'அப்பாவாலதான்'னு எழுதியிருக்கா."

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"ஏதாவது சாக்கு சொல்லி பழசையே மாட்டிடுப்பா. பதினோரு வருஷம் தேடிக்கிட்டாவது உயிரோட இருப்பாரு."