ஜீப்பில் பெண் பார்க்கும் படலம்

“அவளையே பாக்காதீங்க, தெரிஞ்சுடும்!” என்று பாகீரதி கணவரின் தொடையைக் கிள்ளினாள். ஜோஷி பாவம், வலியை விழுங்கிக்கொண்டு மரங்களைப் பார்த்தார்.

அல்மோராவிலிருந்து இறங்கி இந்த அடிவாரக் காட்டுக்கு அவர்கள் வந்தது புலி பார்க்க அல்ல, பெண் பார்க்க. அதுவும் பெண்ணுக்கே தெரியாமல். பின்சீட்டுக்காரர்களுக்கு எதிரே, கழுத்துவரை பொத்தான் போட்ட சீருடையில் நின்ற வழிகாட்டி தாராவைத்தான் பாகீரதி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

“இவ பேரு தாராங்கறா. ஜாதகத்துல ஹேமப்பிரபான்னுல்ல போட்டிருந்தது?” என்றார் ஜோஷி மெதுவாக.

“ஜாதகப் பேரை யாராவது வெளியில சொல்வாங்களா? உங்க ஜாதகப் பேரே எனக்கு மணவறையிலதானே தெரிஞ்சுது!”

தரகர் திவாரி இந்த ஜீப்பைத்தான் குறிப்பாகப் பிடித்துக் கொடுத்திருந்தார். “காட்டுக்குள்ள வேலை பாக்கற பொண்ணு. அவ கையில ஒப்படைச்சா எந்தக் குடும்பமும் பத்திரமா வீடு வந்து சேரும்” என்று ஒரே புகழ்ச்சி. பாகீரதி தட்டிக்கழித்த பெண்களின் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். இதுவும் தட்டிப்போனால் மகன் லலித் சந்நியாசம்தான் என்று ஜோஷி பயந்துபோயிருந்தார்.

லலித்தை முன்சீட்டுக்குத் துரத்திவிட்டு பாகீரதி விசாரணையைத் தொடங்கினாள்.

“கேழ்வரகு ரொட்டி தட்டத் தெரியுமாம்மா?”

“தெரியாம? ஒரு அடுக்கு தட்டி வெச்சுட்டுத்தானே வேலைக்கே வர்றேன்” என்றாள் தாரா.

“நல்லா சாப்பிடற பொண்ணு” என்று பாகீரதி கணவரின் காதில் சொன்னாள்.

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “ஏம்ப்பா டிரைவர் தம்பி, கண்ணை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா? என் இடுப்பு போச்சு!” மங்கி குல்லாவும் மஃப்ளருமாகக் கண்கள் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்த டிரைவர் கியரை மாற்றினார். தாரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஊறுகாய் பற்றிய கேள்வி வந்துவிட்டது.

நடுவில் ஒரு புலி நிதானமாகப் பாதையைக் கடந்து போனது. பாகீரதி பார்க்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய்க்கு எத்தனை நாள் வெயில் வேண்டும் என்பதில் இருந்தாள்.

ஆனால் அடுத்து வந்த ஒற்றைக் கொம்பன் யானையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காதை விரித்துக்கொண்டு அது நேராக ஜீப்பை நோக்கி ஓடிவந்தது. தாரா கண்ணை இறுக மூடி “கோலு தேவதா, காப்பாத்து” என்று முணுமுணுத்தாள். டிரைவர் பதறவே இல்லை. வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் ஜீப்பை ரிவர்ஸிலேயே ஓட்டி, ஓடையில் இறக்கி, அந்தக் கரையில் ஏற்றி நிறுத்தினார். யானை அலுத்துத் திரும்பிப் போனது.

“பாத்தீங்களா, எவ்வளவு பக்தி இந்தப் பொண்ணுக்கு!” என்று பாகீரதி உருகிப்போனாள். “சாமி இவ பேச்சைக் கேக்குது. தம்பி, நீ ஓட்டினதுக்கு நாம எல்லாரும் மேல போயிருக்கணும்!”

முன்சீட்டில் லலித்தின் தோள்கள் குலுங்கின. பயத்தில் அழுகிறான் என்று நினைத்து ஜோஷி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

காட்டின் வாசலுக்குத் திரும்பி வந்ததும் பாகீரதிக்குப் பொறுக்கவில்லை. பைக்குள்ளிருந்து குங்குமச் சிமிழையும் தேங்காயையும் எடுத்தாள். பொட்டு வைத்துவிட்டால் சம்பந்தம் நிச்சயம், அப்புறம் பேச்சு மாறக்கூடாது.

“ஹேமப்பிரபா, நெத்தியைக் காட்டும்மா. நீதான் எங்க வீட்டு மருமக!”

தாரா துள்ளிப் பின்வாங்கினாள். “ஐயையோ, எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்கம்மா! நான் ஹேமப்பிரபா இல்லை!”

பாகீரதியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. “அப்போ, திவாரி சொன்ன பொண்ணு?”

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, குல்லாவைக் கழற்றி, மஃப்ளரை அவிழ்த்தார். நீளப் பின்னல் ஒன்று தோளில் வந்து விழுந்தது. லலித் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

“உங்க பையனை எனக்குப் பிடிச்சிருக்கும்மா. உங்களைத்தான் கொஞ்சம் யோசிக்கணும்.”