நீலா திறந்து வைத்த கேம் பெட்டி

நெட்டுக்குப்பத்து வீட்டின் தரையில், மதிய வெயில் விழும் இடத்தில், பழைய வீடியோ கேம் பெட்டி மூடி கழன்று கிடக்கிறது. செல்போன் கடையில் பழுது பார்க்கும் நீலா அதன் மேல் குனிந்திருக்கிறாள். இத்தனை காலமும் ஆன்டெனா ஒயர் வழியாகக் கலங்கலாகப் போன படத்தையும் சத்தத்தையும் இனி உள்ளே இருக்கும் சிப்பிலிருந்தே நேராக டிவிக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசிக் கம்பியைப் பற்றவைக்கிறாள். உருகிய ஈயம் சிப்பின் பக்கத்துக் கம்பிக்காலில் ஒட்டினால் சிப்பே போய்விடும். கடலிலிருந்து வந்த ஈர லுங்கியோடு அண்ணன் தீனா எதிரே குந்தியிருக்கிறான். "பாத்துமே, இது பூட்ச்சின்னா வேற கெடைக்காது" என்கிறான். "கம்முனு இருண்ணா." ஈயம் உருகி, மெல்லப் புகைந்து, பளபளவென்று உறைகிறது. நீலா சுவிட்சைத் தட்டுகிறாள். டிவி கறுப்பாகவே நிற்கிறது. தீனா தலையில் கைவைக்கிறான். அப்போது சட்டென்று நிறங்கள் வந்து விழுகின்றன. இரைச்சலே இல்லாமல் பாட்டு துள்ளுகிறது. பாலத்தின் மேல் நிற்கும் குட்டி வீரனின் சட்டையில் பொத்தான்கூடத் தெரிகிறது. தீனா முட்டி போட்டு டிவியை நெருங்கி, பாலத்துக்குக் கீழே விரலை வைக்கிறான். "ஏய் நீலா! தண்ணிக்குள்ள மீனு ஓடிகினு கீது!" பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடும் ஆட்டம்; அங்கே வெறும் நீலத்தைத்தான் இருவரும் பார்த்திருக்கிறார்கள். "காணாங்கத்த மீனுமே அது" என்கிறான். "செவப்பா கீது, கண்ணு தெர்ல? சங்கரா மீனுண்ணா!" என்கிறாள் நீலா. பாலத்தில் வீரன் அடிவாங்கி விழுகிறான். அவனை யாரும் கவனிக்கவில்லை. "சங்கராக்கு வாலு இப்டியா இருக்கும்?" என்று தீனா கத்துகிறான், நீலா அவனைத் தள்ளிவிட்டு டிவியில் மூக்கை ஒட்டிக்கொள்கிறாள்.