பதினெட்டு மடங்கு

எதிர்ச்சரிவில் ஐந்து யானைகள் நின்றன. ஆளைக் கொன்றது அவற்றில் காது கிழிந்த ஒன்றுதான். அதை மட்டும் சுடவே யூசுப்புக்கு உத்தரவு.

"மச்சான், ஆறு மடங்கு போதும்," என்றான் பக்கத்தில் படுத்திருந்த காசிம்.

"ஆறுல எல்லாக் காதும் ஒண்ணாத்தான்டா தெரியுது."

யூசுப் துப்பாக்கி ஸ்கோப்பின் உருப்பெருக்க வளையத்தைப் பதினெட்டுக்குத் திருகினான். கிழிசல் தெரிந்தது. ஆனால் அவன் நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் குறிக்கோடும் துள்ளியது. மூச்சை அடக்குவதற்குள் காது வட்டத்தைவிட்டு நழுவியது. இடப்பக்கம் தேடினான், இலை. வலப்பக்கமும் இலை. எவ்வளவு நேரம் அலைந்தானோ, காசிமின் விரல்கள் தோளில் அழுந்தின.

"இருடா," என்று யூசுப் தோளை உதறினான்.

திடீரென்று வட்டம் முழுக்கச் சுருக்கம் விழுந்த சாம்பல் தோல். மடங்கு கூடிப்போனதென்று வளையத்தை ஆறுக்குத் திருகினான். பிறகு மிகக் குறைந்த எண்ணான மூன்றுக்கு.

அப்போதும் வட்டம் முழுக்கத் தோல்தான்.