மஞ்சள் கோடு

ஈவ்லின் அம்மா இன்றைக்கும் வந்துவிட்டார். ஷெட் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் பென்னியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடனுக்குக் காவல் இருப்பது போல இருந்தது பென்னிக்கு.

ஆறு வாரத்துக்கு முன்னால், அவருடைய கணவர் ஜோஸ்வா சாரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சேலம் இறங்கும் மலைப்பாதையில் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனது. முன்பக்கம் பாறையில் மோதிச் சப்பளிந்துபோக, சார் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். ஸ்டியரிங், பிரேக் இரண்டும் சரியாகவே இருந்தன என்று வண்டியைப் பார்த்த அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். சந்தேகப்பட மிச்சம் இருந்தது, கீறல்கூட விழாத பின்பக்கம். அதை முழுசாகப் பிரித்துக் கோத்து, சக்கரங்கள் நேராக ஓட லைன் பார்த்துக் கொடுத்தது பென்னி. அதுவும் விபத்துக்கு இரண்டே நாள் முன்னால்.

ஊருக்கு இது போதாதா? அன்றையிலிருந்து ஏற்காட்டு ஜீப் ஒன்றுகூட அவன் ஷெட் பக்கம் திரும்பவில்லை. "பென்னிகிட்ட உட்டா வண்டி நேராப் பள்ளத்துக்குத்தான்" என்று ஜீப் ஸ்டாண்டில் முதலில் ஆரம்பித்து வைத்தது டிரைவர் ஜீவானந்தம். அதே ஜீவானந்தம்தான் அம்மாவைத் தினமும் தலைச்சோலை எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் கூட்டிவந்து, வேடிக்கை பார்க்கக் கூடவே நின்றான்.

நொறுங்கிய வண்டியைக் கிரேன் ஷெட்டில் இறக்கிய அன்று அம்மா வேறெதுவும் பேசவில்லை. "பிரிச்சுப் பாரு பென்னி. என்ன தப்புன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்" என்றார், அவ்வளவுதான்.

பிரித்தான். இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டி அது. ஒரு நட்டு தளர்ந்தாலும், வளைவில் பின்பக்கம் ஓட்டுகிறவர் பேச்சைக் கேட்காது. அதனாலேயே, முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், அதன் போல்ட்டோடு சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவான் பென்னி. நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு இரண்டாகிவிடும். பயந்துகொண்டேதான் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு கோடும் உடையவில்லை.

அவனுக்கு அது போதும். ஆனால் மஞ்சள் கோட்டைக் காட்டினால் ஊர் நம்புமா? அதனால் எல்லாவற்றையும் மறுபடி கோத்தான். ஆர்ம், ஷாஃப்ட், சக்கரத்துக்கு இரண்டாக நான்கு ஷாக்கப்சர், சக்கரத்தின் சாய்வைத் திருத்த வைக்கும் மெல்லிய தகடுகள் என்று எதையும் மாற்றாமல் பழையபடியே மாட்டினான். தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நேர்க்கோடு போட்டான். வண்டியின் இரு பக்கமும் நைலான் நூல் இழுத்துக் கட்டினான். இன்று கடைசி அளவு. சரியாக வந்தால் பிழைத்தான், வராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். "சேலத்துக்கே போயர்லாமுங்க" என்று மனைவி சாரா ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"எங்க போனாலும் பக்கத்து சீட்டுல நாய் இருக்கோணும் அவருக்கு" என்றார் அம்மா திடீரென்று. "அன்னைக்கு மட்டும் எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் ஊட்டுல கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாரு."

"அதுக்கு ஆயுசு நொம்ப கெட்டிங்கம்மா" என்றான் ஜீவானந்தம்.

பென்னி குனிந்து ஸ்கேலை வைத்தான். நூலிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்புக்கு எவ்வளவோ, பின்விளிம்புக்கும் அவ்வளவே. அடுத்த பக்கம் ஓடினான். அங்கேயும் அப்படியே. சாய்வையும் பார்த்தான். வண்டியைக் கொடுத்த அன்று நோட்டில் எழுதி வைத்த அளவுகளிலிருந்து ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

ஆறு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அழுகைகூட வந்துவிட்டது அவனுக்கு.

ஜீவானந்தம் வந்து ஸ்கேலையும் நோட்டையும் எட்டிப் பார்த்தான். "ஏனுங்கண்ணா, எல்லாம் சரியாத்தான் இருக்குதாட்ட இருக்குது?" என்றவன் முகத்தில் அசடு வழிந்தது. சாயங்காலத்துக்குள் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிவிடுவான். நாளைக்கே ஜீப்புகள் வந்து நிற்கும்.

பென்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லத் திரும்பினான். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"நல்லாப் பாரு கண்ணு. ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்."

"அம்மா..."

"ஒரு தப்பு கெடைச்சுரணும்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் தினமும் இங்க வந்து உக்காந்திருக்கறேன். வண்டியில தப்பில்லீன்னா, அவரு தெரிஞ்சேதான திருப்பியிருக்கோணும்? நாப்பது வருசம் ஒண்ணா இருந்தும், அவரு மனசுல என்ன கெடந்துச்சுன்னு கேக்காம உட்டுட்டனே. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கண்ணு இருப்பேன்?"

பென்னிக்கு இத்தனை நாளும் இந்த அம்மாவை எதிரியாக நினைத்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது. ஜீவானந்தம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பென்னி நோட்டை மூடினான். நூலை அவிழ்த்து மெல்லச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்.

"பிரிச்ச அன்னைக்கே பாத்துட்டேனுங்கம்மா. ஒரு நட்டு லூசா இருந்துச்சுங்க, நாந்தான் மறைச்சுட்டேன்."